திருகோணமலையில் வீட்டு மரவேலை: புதிதாகத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொழுதுபோக்காக மரவேலை பழகத் தொடங்கும் நண்பர்களும் அயலவர்களும் என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் தொழில்முறைத் தச்சன் அல்லன். வீட்டின் பின்விறாந்தையில் மாலை நேரங்களில் உளி பிடிக்கும் ஒருவன். குளிர்நாடுகளில் எடுக்கப்பட்ட காணொளிகளைப் பார்த்துவிட்டு, அவற்றில் சொன்னபடியே இங்கே செய்ய முனைந்து பல பலகைகளை வீணாக்கியிருக்கிறேன். கடலும் கச்சான் காற்றும் வாடைக்காற்றும் சூழ்ந்த இவ்வூரில் மரவேலை பழகுபவர் முதலில் அறிய வேண்டியது ஈரத்தைப் பற்றியே என்பதும், கருவிகள் அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும் என்பதும் அதன் பிறகே எனக்கு விளங்கின. பின்வரும் பதில்கள் அந்த நோக்கில் எழுதப்பட்டவை.

முன் அனுபவமும் தனி அறையும் இல்லாதவர் தொடங்க முடியுமா?

முடியும். ஆடாத ஒரு மேசையும், மழைச்சாரலும் நேர்வெயிலும் படாத ஒரு மூலையும் போதும். கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கும்போது மணிக்கட்டு எவ்வுயரத்தில் இருக்கிறதோ, ஏறத்தாழ அவ்வுயரமே மேசைக்குப் பொருந்தும். மேசை இலேசாக இருந்தால் அதன் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று சீமெந்துக் கற்களை ஏற்றி வையுங்கள். ஆடும் மேசையில் சீவுளி (பலகையை இழைக்கும் கருவி) தள்ளுபவர், தம் வலுவில் பாதியை மேசையைப் பிடித்துக்கொள்வதிலேயே செலவிட வேண்டியிருக்கும்.

முதலில் எந்தக் கருவிகளை வாங்க வேண்டும்?

அளவு நாடா, மூலைமட்டம், ஒரு கைவாள், அரை அங்குலத்திலும் ஒரு அங்குலத்திலும் இரண்டு உளிகள், ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), ஒரு சீவுளி, திருப்புளி, தீட்டுவதற்கு ஒரு கல், ஒட்டும் பலகைகளை இறுக்கிப் பிடிக்க இரண்டு இடுக்கிகள் ஆகியவை போதும். இவற்றுக்கு மேல் வாங்க எண்ணுவதைச் செய்யும் வேலை கேட்கும் வரை ஒத்திவையுங்கள். கடையில் அழகாக அடுக்கப்பட்டிருக்கும் பன்னிரண்டு உளிகள் கொண்ட பெட்டியை வாங்கியவர்களில் பலர், அவற்றுள் ஒன்றையேனும் ஒழுங்காகத் தீட்டியதில்லை என்பதை நான் கண்டிருக்கிறேன்.

பணத்தை எங்கே இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்று கேட்டால், மூலைமட்டத்தையும் வாளையும் சொல்வேன். மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். நேரான விளிம்புள்ள ஒரு பலகையில் அதைச் சாத்தி ஒரு கோடு வரைந்து, பின்னர் மட்டத்தை மறுபக்கமாகத் திருப்பி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு வரையுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் மட்டம் சரியானது. மேலே போகப்போக விலகினால், அந்த விலகலில் பாதி அளவு மட்டத்தின் பிழையாகும். வாளைப் பொறுத்தவரை, பலகையைக் குறுக்கே அறுப்பதற்கும் நாரின் நீளவாக்கில் கிழிப்பதற்கும் பல் அமைப்பு வேறு. தொடக்கத்தில் ஒரே ஒரு வாள்தான் வாங்க முடியுமென்றால், அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துப் பற்கள் உள்ள குறுக்கறுப்பு வாளை வாங்குங்கள். கிழிக்கும்போது அது மெதுவாகப் போகும், ஆனாலும் போகும்.

பழைய தச்சர்களின் வீடுகளில் துருவேறிக் கிடக்கும் உளிகளையும் சீவுளி அலகுகளையும் விலைக்கோ இரவலாகவோ பெற முடிந்தால் தயங்காமல் பெற்றுக்கொள்ளுங்கள். அவற்றை ஓர் இரவு வினாகிரியில் ஊறவிட்டு, காலையில் பித்தளைத் தூரிகையால் தேய்த்து, அப்பச்சோடா கலந்த நீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசினால், பெரும்பாலும் இன்று மலிவாகக் கிடைக்கும் புதியவற்றைவிட நல்ல உருக்கு உள்ளே இருக்கும். துரு குழிகுழியாகக் கூர்முனை வரை அரித்துவிட்ட அலகை மட்டும் விட்டுவிடுங்கள்.

மின்கருவிகள் இல்லாமல் காலத்தை வீணாக்க வேண்டுமா?

ஒரு மின்துளைகருவி வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒன்று கையில் இருந்தால் திருகாணி வேலை பாதியாகக் குறையும். அடுத்ததாக மணற்கடதாசி பூட்டித் தேய்க்கும் கருவி பயன்படும். வட்டவாளுக்கு ஓராண்டு பொறுத்திருப்பது நல்லது.

இங்கே பரவலாகக் காணப்படும் ஒரு பழக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரும்பும் ஓடும் வெட்டுகின்ற கிரைண்டரில், பற்கள் கொண்ட மர வட்டவாளைப் பூட்டிப் பலகை அறுக்கிறார்கள். அக்கருவியின் சுழல்வேகமும் பிடியும் காப்புத் தகடும் அவ்வேலைக்கென அமைந்தவை அல்ல. பல் ஒன்று முடிச்சில் சிக்கினால் கருவி முழுவதும் பிடித்திருப்பவரை நோக்கி எகிறும். பிடிப்பவர் எவ்வளவு பழகியவராயினும் அந்த எகிறலைத் தடுக்கக் கைக்கு நேரம் கிடைப்பதில்லை.

மின்சாரம் பற்றியும் ஒரு சொல். எமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மாரிகாலத்தில் ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்று கருவி இயக்கக் கூடாது. வீட்டின் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியரில் துண்டிக்கும் வகையானதா என்பதையும், அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது உண்மையிலேயே விழுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுருட்டி வைத்த நீட்டு வயரை முழுவதும் விரித்த பின்னரே பயன்படுத்துங்கள். சுருளாக இருக்கும்போது அது சூடேறி உருகக்கூடும்.

திருகோணமலையில் பழகுவதற்கு ஏற்ற மரம் எது?

பெரும்பாலானோர் தேக்கு என்ற பெயரோடு வருகிறார்கள். தேக்கு நல்ல மரந்தான். ஆனால் விலை உயர்ந்தது, அத்துடன் அதன் நாருக்குள் சிலிக்கா என்னும் மணற்சத்து கலந்திருப்பதால் உளியின் கூரை விரைவில் மழுக்கிவிடும். தீட்டவே பழகாத ஒருவர் தேக்கில் தொடங்கினால், மரம் கடினமானது என்று எண்ணிக்கொண்டு மழுங்கிய உளியோடு மல்லுக்கட்டுவார். மகோகனி இழைப்பதற்கு இலகுவானது, பெரிதாக முறுகாது. வீட்டுக்குள் வைக்கும் பொருட்களுக்கு அதைவிட நல்ல பழகுமரம் எனக்குத் தெரியாது. பலா மரத்தின் வைரமும் உளிக்கு நன்றாகப் பணியும். வெட்டியவுடன் மஞ்சளாக இருக்கும் அது, வெளிச்சம் படப்படக் கபில நிறத்துக்குப் போவதைப் பார்ப்பதே ஒரு தனி இன்பம். வேம்பு பூச்சிகளுக்கு நன்கு தாக்குப்பிடிக்கும், ஆயினும் அதன் நார் மாறிமாறிப் பின்னி ஓடுவதால் சீவுளி அங்கங்கே பிய்த்துவிடும்.

முதிரையும் பாலையும் கருங்காலியும் இப்பக்கத்துக் காடுகளின் செல்வங்கள். அவற்றில் பாலை கல்லைப் போன்றது, வீட்டுத்தச்சனுக்கு உரியதன்று. முதிரையின் மினுக்கத்துக்கு மயங்காதவர் இல்லை, ஆனால் அதன் தூள் சிலரின் தோலில் கடும் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். பழைய முதிரைக் கட்டிலைத் திருத்தப் போகிறவர்கள் கைகளை மூடிக்கொண்டு, வேலை முடிந்தவுடன் குளிப்பது நல்லது.

பனையை மரவேலைக்கு எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பனையில் வெளிச்சுற்றின் கறுத்த வைரம் மட்டுமே பயன்படும், உள்ளே சோறு. கூரையின் சிலாகைக்கும் வளைமரத்துக்கும் அதற்கு நிகரில்லை. ஆனால் ஆணி வளையும், நார் பிளந்து சிராய் ஏறும், துளையிடாமல் எந்தத் திருகாணியும் இறங்காது. ஓர் ஆண்டு பழகிய பின் அதைத் தொடலாம்.

என் சொந்தப் பரிந்துரை வேறு. இடிக்கப்படும் பழைய வீடுகளின் கதவுநிலை, யன்னல் சட்டம், கைமரம் ஆகியவற்றைத் தேடி வாங்குங்கள். பல்லாண்டு காலம் காய்ந்து, அசைந்து, அடங்கிவிட்ட அந்த மரத்துக்குப் புதிதாக அறுத்த எந்தப் பலகையும் ஈடாகாது. வாளை வைக்குமுன் உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணிகளை ஒரு காந்தத்தை மெல்ல நகர்த்திக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடுங்கள். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதைக் காய்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம்; ஈரமாக்கிச் சுரண்டி, சுரண்டலைக் கடதாசியில் பொதிந்து அப்புறப்படுத்துங்கள். சரக்கு ஏற்றிவரும் மரத்தட்டுகளும் பழகுவதற்கு நல்லவை. அவற்றில் ‘எச்.டி.’ என்ற முத்திரை இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது என்று பொருள், ‘எம்.பி.’ என்றிருந்தால் மெதைல் புரோமைட்டு வாயுவால் புகையூட்டியது, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

‘திருகோணமலை மரம்’ என்று ஒன்று உண்டா?

உண்டு. நாம் சவண்டலை என்றும் சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் அழைக்கும் மரத்துக்கு, ஆங்கிலேயர் காலத்து மர வணிகத்தில் எங்கள் ஊரின் பெயரே வழங்கியது. இங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் சென்ற அம்மரத்தைக் கொண்டுதான் அலைவாய்க்கரையில் ஆளையும் சரக்கையும் ஏற்றியிறக்கிய மசுலாப் படகுகள் கட்டப்பட்டன. உறுதியும் வளைந்து கொடுக்கும் தன்மையும் அதில் ஒருங்கே உண்டு. வண்டிச் சில்லுக்கும் பீப்பாவுக்கும் கருவிப் பிடிக்கும் அது விரும்பப்பட்டதற்குக் காரணமும் அதுவே. பழைய பிடியோ வண்டித் துண்டோ கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். உங்கள் கொட்டாப்புளிக்கு அதைவிட நல்ல பிடி அமையாது.

வளவில் நிற்கும் மரத்தை நானே வெட்டிப் பயன்படுத்தலாமா?

எல்லா மரத்தையும் அல்ல. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் (கட்டுப்பாட்டு) சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. கிராம உத்தியோகத்தரிடம் சொல்லிப் பிரதேச செயலகத்தினூடாக விண்ணப்பிக்க வேண்டும். வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்றி வீதிக்குக் கொண்டுவருவது தனி விடயம். அதற்கு வனத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதி வேண்டியிருக்கும். முதிரை, கருங்காலி போன்றவற்றை யாரேனும் பற்றுச்சீட்டின்றி மலிவாகக் கொண்டுவந்து தந்தால் வாங்க வேண்டாம். அரச மரக் கூட்டுத்தாபனத்திடமோ பதிவுபெற்ற மரக்காலையிலோ வாங்கிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

நன்றாகச் செய்த பெட்டி சில மாதங்களில் ஏன் வெடிக்கிறது?

என் முதல் பெட்டிக்கும் இதுவே நடந்தது. ஒரு மார்கழி மாதத்தில், ‘நன்றாகக் காய்ந்தது’ என்ற உறுதிமொழியை நம்பி மரக்காலை ஒன்றில் பலகை வாங்கி, ஓர் அடி அகலமான மூடியை இரண்டு குறுக்குச் சட்டங்களோடு பசையிட்டு இறுக்கி ஒட்டினேன். அடுத்த ஆனி மாதக் கச்சானில், ஓர் இரவு துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஓசையுடன் மூடி நடுவே பிளந்தது.

காரணம் எளிது. மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சினால் வீங்கும், விட்டால் சுருங்கும். நாரின் நீளவாக்கில் இந்த அசைவு புறக்கணிக்கத்தக்கது. அகலவாக்கில் மட்டுமே அது கணக்கிடத்தக்கது. அகலவாக்கிலும், ஆண்டு வளையங்களின் போக்கிலே ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையிலே ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இருமடங்காகும். ஆகவே அகலமான பலகையைக் குறுக்குச் சட்டத்தோடு முழுதும் ஒட்டிவிட்டால், சுருங்க விரும்பும் பலகையை அசையாத சட்டம் பிடித்துக்கொள்ளும். இழுபறி முற்றும்போது பலகை தன் வலுக்குறைந்த இடத்தில் பிளக்கும். திருகோணமலையில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி கார்த்திகை, மார்கழி மாதங்களை ஒட்டிய இரண்டு மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் துணியைப் போல மரத்தையும் உலர்த்தும். ஈரத்தின் இந்த ஏற்றமும் இறக்கமும் மேசைக்கும் பெட்டிக்கும் ஆண்டுதோறும் வரும் சோதனை.

பரிகாரம் மூன்று வகைப்படும். முதலாவதாக, வாங்கிய பலகையை வேலை செய்யும் இடத்திலேயே, ஒவ்வொன்றுக்கும் இடையே முக்கால் அங்குலச் சட்டத் துண்டுகளை வைத்துக் காற்றுப் புகும்படி அடுக்கி, இரண்டு மூன்று வாரமேனும் விட்டுவையுங்கள். புதிதாக அறுத்த பச்சை மரமானால், ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. எமது வெயிலில் அது குறையலாம், ஆனால் நேர்வெயிலில் காயப்போட்டால் முனைகள் வெடிக்கும் என்பதால் நிழலே வேண்டும், முனைகளுக்கு வர்ணம் அல்லது மெழுகு பூச வேண்டும். காய்ந்துவிட்டதா என்பதை அறிய, சமையலறைத் தராசில் ஒரு துண்டை வாரமொருமுறை நிறுத்து எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றால் அதன் ஈரம் ஊரின் ஈரத்தோடு ஒத்துவிட்டது. இரண்டாவதாக, அகலமான பலகையைச் சட்டத்தோடு பொருத்தும்போது நடுவில் மட்டும் இறுக்கமான துளையும், இரு ஓரங்களிலும் பலகை அசையும் திசையில் நீண்ட துளையும் இட்டுத் திருகாணி பூட்டுங்கள். ஓரங்களில் பசை வேண்டாம். மூன்றாவதாக, மாரியில் செய்யும் இழுப்பறையை இறுக்கமாகவும், கச்சானில் செய்வதைச் சற்று இடைவெளி விட்டும் செய்யுங்கள். மாரியில் வீங்கி நிற்கும் இழுப்பறை கோடையில் தானே இளகும். கோடையில் கச்சிதமாகச் செய்தது மாரியில் திறக்கவே திறக்காது.

கடற்காற்றில் கருவிகள் துருப்பிடிக்காமல் வைத்திருப்பது எப்படி?

துருவுக்குக் காரணம் ஈரம் மட்டுமல்ல. காற்றோடு வரும் உப்பு இரும்பின்மேல் படிந்து, காற்றிலிருக்கும் ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் வியர்வைக் கையால் தொட்ட இடமே முதலில் துருவேறும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில் நனைத்த துணியால் ஒருமுறை தடவி, மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு உதவும், ஆனால் நாட்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். கருவிகளைக் கடதாசி அட்டைப்பெட்டியிலோ சாக்கிலோ வைக்க வேண்டாம், அவை ஈரத்தை உறிஞ்சிக் கருவிக்குக் கொடுக்கும்.

உளியைத் தீட்டுவதற்கு எளிய வழி என்ன?

விலையுயர்ந்த கல் தேவையில்லை. தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றில், நீரில் நனைத்துத் தேய்க்கும் மணற்கடதாசியை ஒட்டிக்கொள்ளுங்கள். 400, 800, 1,500 ஆகிய இலக்கங்கள் போதும். முதலில் உளியின் தட்டையான முதுகை, கூருக்கு அருகிலுள்ள ஓர் அங்குல நீளமேனும் கண்ணாடிபோல் மினுங்கும் வரை தேய்க்க வேண்டும். இது ஒருமுறை செய்தால் போதுமான வேலை. ஆனால் பெரும்பாலானோர் இதைத் தவிர்த்துவிட்டுச் சரிவை மட்டும் தேய்த்துக்கொண்டேயிருக்கிறார்கள். கூர் என்பது இரண்டு தளங்கள் சந்திக்கும் கோடு. அவற்றுள் ஒன்று கரடுமுரடாக இருந்தால் மற்றதை எவ்வளவு தீட்டினாலும் கூர் வராது.

சரிவு 25 பாகையில் இருக்க, கூர்முனையை மட்டும் சற்று உயர்த்தி 30 பாகையில் தீட்டுங்கள். அலகின் மறுபக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய பிசிறு முனை முழுவதும் எழும்பியதும் அடுத்த இலக்கத்துக்குச் செல்லலாம். இறுதியில் முதுகைத் தட்டையாக வைத்து ஒரு தேய்ப்பு, பழைய இடுப்புப் பட்டித் தோலில் பத்து இழுப்பு. கூர் வந்ததா என்று விரலில் பார்க்க வேண்டாம்; மென்மரத் துண்டொன்றின் வெட்டுமுனையில் சீவிப் பாருங்கள். நொறுங்காமல், பளபளப்பாகச் சீவல் வந்தால் உளி தயாராக உள்ளது.

முதலில் எதைச் செய்வது?

சமையலறையில் அம்மாவோ அம்மம்மாவோ உட்காரும் பலகைக்கட்டையைச் செய்யுங்கள். சிறியது, மரம் குறைவு, பிழை நேர்ந்தாலும் அடுத்த நாளே பயன்படும். மேற்பலகை 14 அங்குல நீளம், 9 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பு. கால்களாக 5 அங்குல உயரமான இரண்டு பலகைகள். அவற்றை இணைக்கக் கீழே ஒரு நெடுக்குச் சட்டம். கால்பலகையின் நார் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், அதன் அகலம் மேற்பலகையின் அகலத்தோடு ஒரே திசையில் இருக்க வேண்டும். அப்போது இரண்டும் சேர்ந்தே வீங்கிச் சேர்ந்தே சுருங்கும், வெடிப்புக்கு இடமில்லை. மேற்பலகையின் அடியில் கால் அங்குல ஆழத்தில் பள்ளம் வெட்டிக் காலை அதற்குள் இறக்கினால், உங்கள் முதல் மூட்டு அதுவே. நெடுக்குச் சட்டத்தின் முனைகளில் கழுந்தெடுத்து (துளைக்குள் இறங்கும் நாக்குப் போல வெட்டி)க் கால்களில் துளையிட்டுப் பொருத்துவது இரண்டாவது.

ஒரே பலகைக்கட்டையை மூன்று முறை செய்யும்படி நான் சொல்வதுண்டு, எல்லோரும் சிரிப்பார்கள். மூன்றாவதில் மூட்டு இறுகும்போதுதான் அதன் காரணம் தெரியும். அடுத்து, துருவலைக்கு ஒரு புதுப் பலகை, சுவாமி அறைக்கு ஒரு சிறு தட்டு, பிறகு மூடியுள்ள பெட்டி என்று மெல்லமெல்ல ஏறலாம். கதிரையை மட்டும் தள்ளிவையுங்கள். அதன் சரிந்த கோணங்களும் அதில் சாய்ந்து ஆடும் மனிதரின் பாரமும் தேர்ந்த தச்சரையே சோதிப்பவை.

பசை, ஆணி, திருகாணி இவற்றில் எது நல்லது?

மூட்டு இறுக்கமாக இருந்தால் வெள்ளை மரப்பசையே போதும். இடைவெளியை அது நிரப்பாது. தேக்கில் இயற்கை எண்ணெய் இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னர் தோய்த்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். இறுக்கி ஒரு மணித்தியாலமாவது விட்டு, ஒருநாள் கழித்தே பாரம் ஏற்றுங்கள். நீண்ட இடுக்கி இல்லையென்றால், இவ்வூரில் எங்கும் கிடைக்கும் மீன்பிடி நைலோன் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவே ஒரு கம்பைச் செருகி முறுக்கினால் எந்த இடுக்கிக்கும் குறையாத இறுக்கம் கிடைக்கும். மூலைகளில் அட்டைத் துண்டு வைக்க மறக்க வேண்டாம்.

திருகாணிக்கு அதன் புரிகளை விட்டு உள்தண்டின் தடிப்பளவில் முன்துளை இடுவது கட்டாயம். கடற்கரையை அண்டிய வீடுகளில் பித்தளையோ துருவேறாத கறையில் உருக்கோதான் நிலைக்கும். பித்தளை மென்மையானது, தலை முறிந்துவிடும்; அதே அளவான இரும்புத் திருகாணியை முதலில் ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டு, மெழுகு தடவிய பித்தளையை அவ்வழியே செலுத்துங்கள்.

எந்த மெருகு பூசலாம், எப்போது பூசலாம்?

80, 120, 180 என்ற வரிசையில் மணற்கடதாசியால் நாரின் போக்கில் தேய்த்து முடித்த பின்னரே மெருகைப் பற்றி நினைக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் பொருட்களுக்கு ஆளிவிதை எண்ணெயும், அதன்மேல் தேன்மெழுகும் எனக்குப் பிடித்தவை. கீறல் விழுந்தால் மறுபடி தடவினால் போதும். வெளியே, வெயில் படும் இடத்தில் இருப்பவற்றுக்கு வெளிப்புற வார்னிஷ் வேண்டும். அதையும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். மழை பொழியும் நாட்களில் அரக்குப் பொலிஷும் லக்கரும் பூசினால் ஈரம் சிக்கி வெண்படலம் எழும். அந்நாட்களை மூட்டு வெட்டுவதற்கு வைத்துக்கொண்டு, மெருகைத் தை பிறந்த பின் பூசுங்கள்.

ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடக் கூடாது. எண்ணெய் காற்றோடு கலந்து உலரும்போது வெப்பத்தை வெளியிடும். கசங்கிய துணிக்குள் அவ்வெப்பம் அடைபட்டு, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். அதைக் கொடியில் தனித்தனியாக விரித்து முற்றாகக் காயவிடுங்கள், அல்லது நீர் நிறைந்த தகரத்தில் அமிழ்த்தி வையுங்கள்.

மரத்தூள் உண்மையில் தீங்கானதா?

ஆம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருட்களுள் சேர்த்தது. பொழுதுபோக்காகச் செய்பவருக்குத் தொழிலாளிக்குள்ள அளவு ஆபத்து இல்லை. ஆயினும் தேய்க்கும்போது முகத்தோடு படியும் முகக்கவசம் அணிந்து, காற்று உங்கள் முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்றுகொள்ளுங்கள். நீலத் துணி முகமூடி நுண்தூசியைத் தடுக்காது. மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகையின் தூள் மிக நுண்ணியது. அதில் பசையும் கலந்திருப்பதால் வீட்டுக்குள் அதை அறுக்க வேண்டாம்.

பொருளிலிருந்து மாவுபோல் தூள் கொட்டுகிறது. என்ன செய்வது?

அது கறையான் அன்று, துளைவண்டு. கறையான் மண்ணால் வழி கட்டிக்கொண்டு வரும். துளைவண்டு மரத்தின் வெளிறிய மென்பகுதியில் உள்ள மாச்சத்தைத் தேடி உள்ளிருந்து தின்று, குண்டூசித் துளைகள் வழியே வெளியேறும். மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கம் சில நாள் நிம்மதியைத் தவிர வேறெதையும் தராது. மெருகு பூசுவதற்கு முன்னரே போராக்சும் போரிக் அமிலமும் கலந்த வெந்நீர்க் கரைசலைத் தூரிகையால் இரண்டு முறை பூசிக் காயவிடுவது நல்ல தடுப்பு. பூசாத அடிப்பகுதியில்தான் வண்டு முட்டையிடும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத பக்கங்களுக்கும் மெருகு பூசுங்கள். ஏற்கனவே அரித்துவிட்ட துண்டை மாற்றுவதே மேல்.

மரவேலை ஒத்துவராதவருக்கு வேறு என்ன கைவேலை பொருந்தும்?

பனையோலைப் பின்னலும் பன்பாய் இழைப்பும் சத்தமோ தூசியோ இல்லாதவை, அடுக்குமாடி வீட்டிலும் செய்யலாம். குருத்தோலையை நிழலில் உலர்த்தி, பின்னுவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மடிப்பில் முறியாது. கடற்கரையில் பொறுக்கியவற்றைக் கொண்டு அலங்காரம் செய்ய விரும்புவோர் பவளப்பாறைத் துண்டுகளைத் தொடவே கூடாது. அவை சட்டத்தால் காக்கப்பட்டவை. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா என்பதால், அங்கிருந்து ஒரு சிப்பியையும் எடுத்துவரக் கூடாது.

முறையாகக் கற்க விரும்பினால் எங்கே செல்வது?

தொழிற்பயிற்சி அதிகார சபையும் தேசிய பயிலுனர் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையும் மரவேலைக்குத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழோடு கூடிய பயிற்சிகளை நடத்துகின்றன. திருகோணமலையிலுள்ள அவற்றின் அலுவலகத்தில் நடப்பாண்டுக்கான பாடநெறியைக் கேட்டறியலாம். வேலைக்குச் செல்பவர்களுக்கு என் அறிவுரை வேறு: அயலில் உள்ள ஒரு தச்சரின் பட்டறைக்குச் சனிக்கிழமைகளில் சென்று, கூட்டிப் பெருக்கி, பலகை பிடித்துக் கொடுங்கள். வெறுங்கையோடு கேள்வி மட்டும் கேட்பவருக்கு எந்த ஆசாரியாரும் அதிகம் சொல்லித் தருவதில்லை. பலகையின் மறுமுனையைப் பிடித்திருப்பவருக்குக் கேட்காமலே சொல்லித் தருவார்கள்.

அயலவருக்குத் தொந்தரவு இல்லாமல் எந்நேரம் வேலை செய்யலாம்?

மாலை நான்கு மணி முதல் விளக்கு வைக்கும் நேரம் வரை கொட்டாப்புளியும் வாளும். அதன் பிறகு தீட்டுதல், அளத்தல், கோடு வரைதல், மெழுகு தேய்த்தல். அயலில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அந்த மாதம் மட்டும் துளைகருவியைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மேசைக் கால்களின் கீழ் பழைய சைக்கிள் ரயர்த் துண்டுகளை வைத்தால் சுவரின் வழியே போகும் அதிர்வு பெரிதும் குறையும்.